அடித்துச் சிவப்பில் காரணம் எழுதவும்

ஜனவரி 6, திங்கள்

கோவையிலிருந்து இரவு முழுக்க பஸ். முழங்கால் இரண்டும் முன் சீட்டில் இடித்தே தேய்ந்துவிட்டன. பாளையங்கோட்டையில் லாட்ஜ். கொசுவலை கேட்டேன். “ஃபேன் வேகமா ஓடும் சார்” என்றார்கள்.

கம்பெனிக்குத் தினமும் அறிக்கை மெயிலில் போகும். அதில் எழுத முடியாதது இங்கே. மருந்துக்கடை வைத்திருக்கும் மாமா கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சத்து மாத்திரை விளம்பரம்.

வந்த வேலை இது. எங்கள் கம்பெனி பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர், ஆண்டு, பொருள் எல்லாம் குறித்து, தேடினால் கிடைக்கிற மாதிரி கணினியில் ஏற்றித் தருகிறது. இங்கே ஒரு கல்லூரியின் நூலக அறிவியல் துறையோடு ஒப்பந்தம். முதுகலைக் கடைசி ஆண்டில் பன்னிரண்டு பேர். ஒன்பது வாரம் நான் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆறாவது ஷரத்து: முடிவில் சராசரி 95 எடுக்கிற அனைவருக்கும் வேலை. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

முதல் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு சிரிக்கிற ஆள் இல்லை நான். “புத்தகத்துக்கு நம்பர் போட ரெண்டு வருஷப் படிப்பா?”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். இசக்கிராஜா. என்னைவிட மூன்று வயது பெரியவன். இரண்டு வருடம் பைண்டிங் கடையில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவன். “சார், நீங்க இன்ஜினியரிங் நாலு வருஷம் படிச்சிட்டு எங்களுக்கு நம்பர் போடச் சொல்லிக் குடுக்க வந்துருக்கீங்க. எங்களுக்கு ரெண்டு வருஷம் மிச்சம்லா?”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 8, புதன்

பன்னிரண்டு கணினி. ஒன்பது ஓடுகிறது. அதில் இரண்டு, யாராவது கதவைச் சாத்தினால் அணைந்துவிடுகிறது. மதியம் முழுவதும் பிளக் பாயின்ட் மாற்றினேன். துறைத்தலைவர் டாக்டர் ஜெபக்கனி வந்து பார்த்தார். “தம்பி, எலெக்ட்ரீசியனுக்கு எழுதிப் போட்ருக்கேன்.” எப்போது என்று கேட்டேன். “போன ஜூன்ல.”

மூன்று கணினி குறைவதால் முறை வைத்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் உருப்படியாக ஆரம்பம். பயிற்சிக்குக் கொடுப்பது பழைய விவசாய இதழ்களின் கட்டுரைகள். எங்கள் ஆட்கள் ஏற்கெனவே முடித்த கோப்புகள்தான், ஆகவே சரியான விடை எங்களிடம் இருக்கிறது. மாணவர் ஒரு கட்டுரையைப் பதிந்து அனுப்பினால், நான் எழுதிய நிரல் விடையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். மனிதத் தலையீடு கிடையாது.

முதல் கட்டுரையை அனுப்பச் சொன்னேன். ஒருவரும் தொடவில்லை. பேச்சியம்மாள் என்றொரு பெண், கறுப்பு அட்டை போட்ட பெரிய பதிவேட்டைத் திறந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன இது?”

“அக்ஸஷன் ரிஜிஸ்டர் சார். எது உள்ள வந்தாலும் நம்பர் போட்டுட்டுத்தான் தொடுவோம்.”

“அது புத்தகத்துக்கு. இது ஃபைல்.”

“ஃபைலும் வரத்தான செய்யுது?”

வரிசை எண், தேதி, தலைப்பு, செய்தவர், மதிப்பெண், குறிப்பு. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் பன்னிரண்டு பேரும் கீழே கையெழுத்துப் போடுவார்களாம். சிஸ்டம் தானாகவே லாக் எழுதுகிறது, யார், எப்போது, என்ன மார்க் என்று எல்லாம் அதில் இருக்கிறது, இந்தக் காலத்தில் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“லாக் எவ்வளவு நாள் இருக்கும் சார்?”

“பதினஞ்சு நாள். அதுக்கு மேல வெச்சா சர்வர்ல இடம் வீண்.”

“இது முப்பத்தெட்டு வருஷமா இருக்கு” என்று அலமாரியைக் காட்டினாள். அதே மாதிரி கறுப்பு அட்டைகள் வரிசையாக. பிறகு ‘1’ என்று எழுதினாள்.

முதல் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப்பில் விதிகள். மூன்றாவது விதி: எந்த வரியையும் அழிக்கக் கூடாது. அடித்துச் சிவப்பில் காரணம் எழுதவும்.

அரை மணி நேரம் போச்சு. அறிக்கையில் ‘நெட்வொர்க் தாமதம்’ என்று எழுதினேன்.

ஜனவரி 29, புதன்

இவர்கள் வேகமாகிவிட்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டும். வாழைத்தண்டைத் துளைக்கிற வண்டு பற்றி 1957இல் ஒருவர் எழுதிய கட்டுரை. தலைப்பில் வாழையும் இல்லை, வண்டும் இல்லை. ‘ஒரு விவசாயியின் கண்ணீர்’ என்று இருக்கிறது. எங்கள் கோவை ஆட்களில் ஒருவன் அதை ‘சிறுகதை’ என்று பதிந்து திட்டு வாங்கினான். பேச்சியம்மாள் மூன்றாவது பத்தியிலேயே பிடித்துவிட்டாள். மதிப்பெண் 100. பதிவேட்டில் அதன் எண் 1147. பச்சை மையில் சின்னதாக ஒரு டிக்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

சராசரி: பன்னிரண்டில் பதினொருவர் 95க்கு மேல். பேச்சியம்மாள் 98. இசக்கிராஜா மட்டும் 93இல் நிற்கிறான். “நான் மெதுவா ஏறுற வண்டி சார், தள்ளி விடுங்க” என்கிறான்.

அறிக்கையில் எண்களை அப்படியே அனுப்பினேன். என் மேலதிகாரி சந்தானகோபால் சார் உடனே ‘குட்’ என்று பதில் போடுவார். இன்று போடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சந்தானகோபால் சார் போன். கோவையில் எங்கள் பிரிவுக்கே அவர்தான் தலை. என்னை வேலைக்கு எடுத்ததும் அவர்தான்.

“ஏம்ப்பா சிபி, என்ன பண்ணி வெச்சிருக்கற? பதினொரு பேரா?”

“நல்லா பண்றாங்கங்க.”

“கிளையன்ட் வேலையப் பாதியா வெட்டீட்டான். எங்கிட்ட ரெண்டு சீட்டுதான் இருக்குது. பதினொரு பேருக்கு ஆர்டர் குடுத்தா எங்க உக்கார வெக்கறது, மொட்டை மாடிலயா?”

“அப்ப அந்த ஷரத்துங்க…”

“ஷரத்து அது பாட்டுக்கு இருக்கட்டும். 95ங்கறது ஷரத்துல இருக்குது. 95 எப்படி வருதுங்கறது உங்கிட்ட இருக்குது. நான் சொல்லோணுமா?”

சொல்லத் தேவையில்லை. அவர் பேச்சில் தர்க்கம் இருக்கிறது. தேர்வு என்றால் வடிகட்ட வேண்டும். எல்லோரும் தேறுகிற தேர்வு தேர்வே அல்ல.

நாளை தைப்பூச விடுமுறை. துணி துவைக்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

மதிப்பீட்டு விதியில் ஒரு சிறு மாற்றம். தரத்துக்காக. பதினேழாம் தேதி முதல் அமலாகும்.

மதியம் தயிர்சாதம். லாட்ஜில் தண்ணீர் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மதிய இடைவேளையில் பேச்சியம்மாள் வந்தாள். கையில் ஒரு கவர்.

“சார், ஒண்ணு கேக்கணும். மத்தவங்ககிட்ட கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்பிருவாங்க. நீங்க நேராப் பேசுவீங்கன்னுதான் உங்ககிட்ட கேக்கேன்.”

சமாதானபுரத்தில் ஒரு பள்ளியில் நூலகர் வேலை. நிரந்தரம். நாளை சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா மில்லில் இருந்து நின்றுவிட்டார், வீட்டில் வேறு வருமானம் இல்லை. ஆனால் அவளுக்கு இந்த வேலைதான் பிடித்திருக்கிறது.

“பள்ளிக்கூடத்துல இருந்தா இருவது வருஷத்துக்கு ஒரே அலமாரியத்தான் தொடைச்சிட்டு இருக்கணும். இதுல நாளைக்கு என்ன வரும்னே தெரியாது. எனக்கு அதான் வேணும். இங்க கெடைக்குமா சார்? கெடைக்காதுன்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“95 வந்தா கெடைக்கும்.”

“எனக்கு இப்ப 98 இருக்கு.”

“அப்புறம் என்ன?”

கவரை மடித்துப் பையில் வைத்தாள். “சரி சார். அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்.” அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. படியில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மூன்றாவது கணினியின் கீபோர்டு மாற்றினேன். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று ஒரு யோசனை. என்னவென்று சொல்வது? கொள்கை முடிவுகளை வெளியில் சொல்லக்கூடாது என்று என் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று அனுப்பியவற்றின் மதிப்பெண்கள் திரையில் வந்தன. 86. 81. 88. 84. வழக்கமாக இந்த அறையில் மீன் சந்தை மாதிரி இருக்கும். இன்று மின்விசிறிச் சத்தம் மட்டும்.

இசக்கிராஜா முதலில் வாயைத் திறந்தான். “சார், மிஷினுக்கு ஏதும் காய்ச்சலா?”

“சிஸ்டம் துல்லியமாகியிருக்கு. நீங்களும் ஆகணும்.”

“எனக்கு 79. துல்லியம்னா பின்னாடி ஒரு புள்ளி வச்சு ரெண்டு சைபரும் போட்டுருக்கலாம்லா?”

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும். தன்னுடைய 83ஐயும்.

பிப்ரவரி 20, வியாழன்

முன்பு ஒரு கட்டுரைக்கு ஏற்கத்தக்க பொருள் தலைப்புகள் நான்கு இருக்கும்; எதைப் போட்டாலும் மதிப்பெண். இப்போது முதல் தலைப்பு மட்டும். இதில் அநியாயம் எங்கே? உலகம் முதல் விடையைத்தான் கேட்கிறது. அந்த முதல் தலைப்பை எங்கள் ஆள் எந்த மனநிலையில் போட்டான் என்பது வேறு விஷயம்.

ஜெபக்கனி மேடம் கூப்பிட்டுக் கேட்டார். “தம்பி, பிள்ளைங்க திடீர்னு மக்காயிட்டாங்களா?”

“போட்டி அப்படி மேடம்.”

தேநீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு சுட்டுவிட்டது.

பிப்ரவரி 22, சனி

ஷாஹின் பர்வீனும் இன்னொரு பெண்ணும் 95ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்ற பத்துப் பேரும் கீழே. இரண்டு சீட், இரண்டு பேர். கணக்கு சரியாக வருகிறது. சந்தானகோபால் சாரிடமிருந்து ‘குட்’ வந்தது.

கீழே கடையில் சாப்பிடப் போனேன். பசி இல்லை. வெயில்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை பத்தே கால். மேடமும் பேச்சியம்மாளும் லேபுக்கு வந்தார்கள். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பதிவேட்டை என் மேஜையில் வைத்து இரண்டு பக்கங்களில் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள்.

“இது 1147. வாழைத்தண்டு. ஜனவரி 29. நூறு மார்க்கு.”

பக்கம் புரண்டது.

“இது 3306. நேத்து அனுப்பினேன். அதே கட்டுரை. அதே ஆசிரியர், அதே வருஷம், அதே தலைப்பு. ஒரு புள்ளி மாத்தல. எண்பத்திரெண்டு.”

“அதையே எதுக்குத் திரும்ப அனுப்புனீங்க?”

“ஒரே புத்தகம் ரெண்டாம் தடவ வந்தா ரெண்டாவது நம்பர் குடுப்போம் சார். அது எங்க பழக்கம். உங்க சிஸ்டம் ‘ஏற்கெனவே வந்துருக்கு’ன்னு சொல்லும்னு பாத்தேன். சொல்லல.”

ஒரே பதிவு இரண்டு முறை வருகிறதா என்று பார்க்கிற நிரலை நான் எழுதவில்லை. யார் அப்படி அனுப்பப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

“ரெண்டுல எது சரி சார்?”

“ரெண்டும் சரி. அப்போதைய அளவுகோல் வேற, இப்போதையது வேற.”

“அளவுகோல யார் மாத்தினா?” இது மேடம்.

“சிஸ்டம் அப்டேட் மேடம்.”

“எப்போ?”

“தேதி பார்க்கணும்.”

“பாத்துச் சொல்லுங்க, மிஸ்டர் சிபி.”

ஏழு வாரமாக ‘தம்பி’ என்றவர்.

மேடம் போன பிறகும் பன்னிரண்டில் பதினொருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் ஸ்கேல் வைத்து அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு நேராக விழுந்தது. நான் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். காலையில் சாப்பிடாததுதான் காரணம்.

பிப்ரவரி 26, புதன்

சந்தானகோபால் சாரிடம் சொன்னேன்.

“லாக் இருக்குதா?”

“பதினஞ்சு நாள்தானுங்க. ஜனவரி எல்லாம் போயிருச்சு.”

“அப்பறம் என்ன பயம்? அவிககிட்ட இருக்கறது நோட்டு. நோட்டு ஒரு எவிடென்ஸாப்பா? ஆறாம் தேதி நானே வர்றேன். சர்ட்டிபிகேட் குடுத்து, போட்டோ எடுத்து, கெளம்பீரலாம்.”

பிப்ரவரி 28, வெள்ளி

பழைய விதிக்கோப்பு என் லேப்டாப்பில் இருக்கிறது. மாற்றும்போது நீக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி வைத்தேன். பழக்கம். இன்று அதைத் தேர்ந்தெடுத்து நீக்கும் பொத்தான்வரை போனேன். நீக்கவில்லை. டிஸ்கில் இடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

வரும் வழியில் அந்தப் பள்ளிக்கூடம். நான் போகும் வழி அது இல்லை. கேட்டுக்கு உள்ளே நூலகம் தெரிந்தது. வேறு ஒரு பெண் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 3, திங்கள்

இட்லி. லேபில் யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சந்தானகோபால் சார் பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்கினார். அல்வா பெட்டி, ‘தொழில்துறையோடு கைகோத்து’ என்று எழுதிய பேனர், இரண்டு பணி ஆணைகள். துறைத்தலைவர் அறையில் நாங்கள் நான்கு பேர்: அவர், நான், மேடம், பதிவேட்டோடு பேச்சியம்மாள். மற்றவர்கள் வராண்டாவில். கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் கணினி அணைந்துவிடும் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது.

“போட்டோவுக்கு முன்னால ஸ்டாக் எடுத்துருவோம் சார்” என்றார் மேடம். “எங்க துறை வழக்கம். ரிஜிஸ்டர்ல இருக்கிறது அலமாரியில இருக்கணும். ஜனவரி 29இல நூறா இருந்தது பிப்ரவரி 24இல எண்பத்திரெண்டா இருக்கு. பதினெட்டு மார்க்கக் காணல.”

“மேடம், இந்த சிஸ்டமெல்லாம் அப்பப்ப அப்டேட் ஆகும்.”

“ஆகட்டும். பரீட்சை நடந்துகிட்டு இருக்கையில கேள்வித்தாளு அப்டேட் ஆனா எங்க ஊர்ல அதுக்கு வேற பேர் சொல்லுவாங்க.”

அவர் சிரித்தார். பதிவேட்டை ஒரு விரலால் புரட்டினார். “இது கையால எழுதுனதுங்க. இதுல யார் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாம்.”

“எழுதலாம் சார்” என்றாள் பேச்சியம்மாள். “மூவாயிரத்து எழுநூறு வரி. ஒவ்வொரு பக்கத்துலயும் பன்னெண்டு பேரு கையெழுத்து, அன்னைக்கு யார் லீவோ அவங்க எடம் காலி. காலேஜ் அட்டெண்டன்ஸோட வச்சுப் பாருங்க. ஒக்காந்து பொய்யா எழுதணும்னா அதுக்கே எங்களுக்கு ஒரு சம்பளம் குடுக்கணும்.”

வராண்டாவில் யாரோ விசிலடித்தார்கள். இசக்கிராஜாவாகத்தான் இருக்கும்.

“சிபி” என்றார் சந்தானகோபால் சார், என் பக்கம் திரும்பாமலே. “நம்ம லாக் என்ன சொல்லுது?”

“பதினஞ்சு நாளைக்கு முந்தினது இல்லீங்க.”

“அவ்வளவுதான் மேடம். ஆதாரம் கெடையாது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் மேஜையிலிருந்த 3306ஆம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“பழைய விதிக்கோப்பு இருக்குங்க” என்றேன். “எங்கிட்ட.”

அவர் முதல்முறையாகத் திரும்பினார்.

லேப்டாப்பைத் திறந்து பெயரைத் திரும்ப மாற்றி ஓட்டினேன். நாற்பது வினாடி. அதற்குள் இரண்டு வருட வேலை, சம்பள உயர்வு, கோவையில் முன்பணம் கொடுத்திருக்கும் வீடு எல்லாம் ஒரு சுற்று வந்து போனது. 1147: நூறு. 3306: நூறு. மொத்தச் சராசரியையும் ஓட்டச் சொன்னார் மேடம். பதினொருவர் 95க்கு மேல். இசக்கிராஜா 93.4.

“பிப்ரவரியில விதி மாறியிருக்கு” என்றேன். யார் மாற்றியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சந்தானகோபால் சார் கூரையைப் பார்த்தார்.

“டெக்னிக்கல் எரர்” என்றார் கடைசியில். “ஆனா மேடம், எங்க நெலமையும் பாருங்க, கிளையன்ட்…”

“பாக்கேன் சார். ஆறாவது ஷரத்தையும் பாக்கேன். நீங்க இன்னும் நாலு காலேஜோட ஒப்பந்தம் போட்டுருக்கீங்களே, அந்த நாலு எச்.ஓ.டி.யும் நானும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புலதான் இருக்கோம். காலைல குட்மார்னிங் போடுற குரூப்புதான். இன்னைக்கு வேற ஏதாவது போடலாமான்னு யோசிக்கேன்.”

ஒப்பந்த நகலின் பின்பக்கத்தில் பதினொரு பெயர்களை அவர் கையாலேயே எழுத வைத்தார். கையெழுத்து, முத்திரை. அதற்குப் பிறகுதான் போட்டோ. பேனருக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். நல்ல சிரிப்பு அவருக்கு.

வராண்டாவில் கத்தல், அழுகை, அல்வா. ஷாஹின் பர்வீன் போனில் அம்மாவிடம் அழுதுகொண்டே கோவையில் குளிரடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இசக்கிராஜா வந்து என் கையைக் குலுக்கினான். “ரெண்டு விதியிலயும் நான் பெயிலு சார். எங்கிட்ட மட்டும் உங்க சிஸ்டம் நேர்மையா இருந்துருக்கு.”

கார் அருகே சந்தானகோபால் சார் நின்றார். குரல் உயரவே இல்லை. “திங்கக்கெழம நீ ஆபீஸ் வர வேண்டாம். லேப்டாப்ப கொரியர்ல அனுப்பீரு.” கண்ணாடி ஏறியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றாகவே இருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பதினொரு பேருக்காக வேலையை விட்டவன் என்று நினைத்துக்கொண்டுதான் பையை எடுக்க லேபுக்குப் போனேன்.

பேச்சியம்மாள் பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்புப் பேனா.

“வாழ்த்துகள்” என்றேன்.

“தேங்க்ஸ் சார். வேலை போயிருச்சாமே உங்களுக்கு? இசக்கி சொன்னான்.”

“பரவாயில்ல.”

“பதினேழாந்தேதில இருந்து வந்த மார்க்கு எல்லாம் தப்புல்லா? அதை அடிக்கணும்.” ஸ்கேல் வைத்து, 3306இன் 82க்கு மேல் ஒரு கோடு. எண் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். “குறிப்புல காரணம் எழுதுங்க சார். மதிப்பீட்டுக்குப் பொறுப்பு நீங்கதான? உங்க கையெழுத்துலதான் இருக்கணும்.”

எழுதினேன்: ‘விதி மாறியதால்.’

படித்தாள். “விதி தானா மாறுமா சார்?”

குரலில் கோபம் எல்லாம் இல்லை. ஒரு புத்தகத்தின் ஆசிரியர் பெயர் விடுபட்டிருந்தால் கேட்கிற மாதிரி கேட்டாள். பேனாவைத் திரும்ப வாங்கி, எழுதியதை அடித்து, கீழே எழுதினேன்: ‘விதியை நான் மாற்றினேன். சிபி.’

அதையும் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தெரிந்துதான் இருந்திருக்கிறது.

“தேதி?”

மார்ச் என்று எழுத ஆரம்பித்தேன்.

“இன்னைக்கு தேதி இல்ல சார். மாத்துன தேதி.”

நினைவில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். புரட்டினேன். சத்து மாத்திரை, சத்து மாத்திரை, சத்து மாத்திரை. ‘மதிப்பீட்டு விதியில் ஒரு சிறு மாற்றம்.’

“பிப்ரவரி பன்னெண்டு” என்றேன்.

பேனாவை வாங்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

“பன்னெண்டா?”

“ஆமா.”

“நான் உங்ககிட்ட வந்து கேட்டது பதிமூணு.”

வெளியே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போட்டோவுக்கு. அவள் திரும்பவில்லை.

“மூணு வாரம் சார்” என்றாள். “எங்கப்பாட்ட என்ன சொல்லணும்னே தெரியாம மூணு வாரம். அந்தப் பள்ளிக்கூடத்து வழியா பஸ்ஸு போகும். அந்தப் பக்கம் சீட்டுல ஒக்காரவே மாட்டேன்.” டைரியைப் பார்த்தாள். “பதிமூணாந்தேதி என்ன எழுதிருக்கீங்க?”

வாசித்தேன். எதற்காக வாசித்தேன் என்று தெரியவில்லை. “கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.”

அவள் பதிவேட்டை மூடினாள். அலமாரியில் மற்ற கறுப்பு அட்டைகளோடு வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அது உங்க புத்தகம் சார். அதுக்கு நான் நம்பர் போட முடியாது.”

போகும்போது சிவப்புப் பேனாவை மட்டும் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன். பதிமூன்றாம் தேதியின் கடைசி இரண்டு வரிகளைச் சிவப்பில் அடித்திருக்கிறேன். ஸ்கேல் இல்லாததால் கோடு கோணல். எழுத்து அடியில் தெரிகிறது. பக்கத்தில் காரணம் எழுத இடம் இருக்கிறது.

கோவில்பட்டி தாண்டியாகிவிட்டது. இன்னும் எழுதவில்லை.